ஆறக் கூடாத புண்

14

ரத்தினசாமிக்கு வாய் நீளம். கொழிஞ்சாம்பாறையில் ஆரம்பித்துக் கோபாலபுரம் செக்போஸ்ட் வரைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த வாய் அவரையே கொண்டுபோய் மாட்டிவைக்கும் என்று போன வாரம் வரை யாரும் நினைக்கவில்லை.

மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, நாள் குறித்த கூட்டம் அது. முதல் மரியாதை வாங்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவரை, அண்ணி மருதாத்தாள் கோயில் வாசலிலேயே மறித்தாள்.

"என்ற புருசன் கெணத்துக்குள்ள இருக்கறப்ப நீ வெடி வெச்சே. வெக்கறதுக்கு முன்னால கூவுனியா, இல்லியா? அம்மன் முன்னால கற்பூரத்தை அடிச்சு அணைச்சுச் சொல்லு. சொல்லிப்போட்டு மரியாதைய வாங்கிக்க."

ஊரே அவரைத் திரும்பிப் பார்த்தது. ரத்தினசாமி மட்டும் சிரித்தார். கட்டுப் போட்ட வலது காலை நீட்டிக் காட்டினார்.

"சீழு வடியற காலோட கோயலுக்குள்ள எப்படீங்க அண்ணி வர்றது? ஆறட்டும். நோம்பிக்குக் கம்பம் நடறதுக்குள்ள வந்து கற்பூரம் அடிக்கறேன்."

ஊர் அதைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதை ஊர் லேசில் மறக்காது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டுவதென்றால் பாறையோடு மல்லுக்கட்டுவது. வெடி வைக்காமல் ஆகாது. திரியைப் பற்ற வைப்பதற்கு முன்னால் கரையில் நின்று "வேட்டு, வேட்டு" என்று நாலு திசைக்கும் கூவ வேண்டும். பக்கத்துக் காட்டுக் கிணறுகளில் இருப்பவர்கள் மேலே ஏறி வந்து கை காட்டிய பிறகுதான் நெருப்பு. பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள்கூட இந்தக் கூவலை விட மாட்டார்கள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ரத்தினசாமியின் கிணற்றில் வெடி வெடித்தது. அதிர்ச்சி பாறைக்குள்ளேயே ஓடி, அடுத்த காட்டில் அண்ணன் அர்த்தநாரியின் கிணற்றுச் சுவரைச் சரித்தது. அர்த்தநாரி அடியில் நின்று சேறு வாரிக்கொண்டிருந்தார். கூவினேன், அண்ணனுக்குக் கேட்கவில்லை என்று ரத்தினசாமி சாதித்தார். கூவவே இல்லை என்று மருதாத்தாள் சாதித்தாள். சாட்சி சொல்ல ஆள் இல்லை. வழக்கு படுத்துவிட்டது.

இப்போது அந்த மனிதரின் கால் யார் கையில் இருக்கிறது என்கிறீர்கள்? அர்த்தநாரியின் மகள் மயிலாத்தாள் கையில்.

வேலூரில் உடற்பயிற்சி வைத்தியம் படித்துவிட்டு வந்து, கொழிஞ்சாம்பாறையில் டாக்டர் சகாயத்தின் ஆசுபத்திரியில் வேலை பார்க்கிறாள். டாக்டரின் தம்பி ஜெர்மனியிலிருந்து அனுப்பிய ஒலி மிஷின் அங்கே இருக்கிறது. ஊரில் அதற்குக் 'கரண்டு வைத்தியம்' என்று பெயர். கரண்டு அல்ல, காதுக்கு எட்டாத சத்தம். சுளுக்குக்கும் மூட்டுவலிக்கும் வைப்பார்கள். ஆறாத புண்ணைச் சுற்றி வைத்தாலும் சதை வளர்கிறது என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

ரத்தினசாமிக்குச் சர்க்கரை வியாதி. பாதம் மரத்துப்போய் வெகுநாள் ஆயிற்று. கரும்புத் தூர் குத்திய காயம் புண்ணாகி ஆறவே இல்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று கோயமுத்தூரில் சொல்லிவிட்டார்கள். மகன் சின்னையன்தான் பிடிவாதமாக அப்பாவை இங்கே கூட்டிவந்தான்.

மயிலாத்தாளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கால் ஆற வேண்டும். பாசத்தால் அல்ல. சித்தப்பா சொந்தக் காலில் நடந்து கோயிலுக்குள் வர வேண்டும், கற்பூரத்தின் முன்னால் நிற்க வேண்டும். அதற்குத்தான்.

அவள் அம்மாவுக்கு வேண்டியது வேறு.

"ஆனைமலை போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசுனவ நானு" என்றாள் மருதாத்தாள், மகள் பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கையில். அநியாயம் நடந்தவர்கள் அங்கே போய் மிளகாய் அரைத்துப் பூசினால், செய்தவன் உடம்பு எரியும் என்பது நம்பிக்கை. "பூசீட்டு வந்த வருசமே அவன் கால்ல புண்ணு வந்துச்சு. ஆத்தா குடுத்ததை நீ மிஷினு வெச்சு ஆத்தறயா?"

"ஆறோணும்மா."

"எதுக்கு ஆறோணும்?"

"கால எடுத்துப்போட்டா அவுரு கோயலுக்குள்ள வரவே மாட்டாரு. கட்டையூணிக்கிட்டுத் தெருவுல போவாரு. அய்யோ பாவம்னு ஊரு சொல்லும். நீ மறுபடி கேட்டீன்னா, காலில்லாத மனுசனைப் போய் இந்தப் பொம்பள படுத்தறா பாருன்னு உன்னயத்தான் பேசுவாங்க."

மருதாத்தாள் யோசித்தாள். யோசித்தும் மனசு இறங்கவில்லை.

"வந்து பொய்ச் சத்தியம் பண்ணீட்டான்னா?"

"பண்ணட்டும். பண்றப்ப அந்த மூஞ்சிய நானும் நீயும் பாக்கோணும். ஊரும் பாக்கோணும்."

"மூஞ்சியப் பாத்து என்னத்தைக் கண்டே?" மருதாத்தாள் மகளுக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அந்த மிஷினை ஒரே எடத்துல நிறுத்தி வெச்சா உள்சதை வெந்துரும்னு நீதானே சொன்னே. அவனுக்குத்தான் காலு மரத்துக் கெடக்குதே. தெரியவா போகுது?"

மயிலாத்தாள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மா கேட்டது அவள் மனசில் இல்லாத விஷயமா என்ன? முதல் நாள் மிஷின் வைத்தபோது ரத்தினசாமி சாவகாசமாகச் சாய்ந்துகொண்டு, "உங்கய்யன் நல்ல மனுசன் அம்மிணி, காதுதான் மந்தம்" என்றார். அப்பாவுக்குக் காட்டில் காடை கத்தினால்கூடக் கேட்கும். அந்தப் பேச்சைக் கேட்ட கணத்தில் அவள் கை நின்றுவிட்டது. மிஷினின் தலையை வட்டமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அந்த வைத்தியத்தின் முதல் பாடம். நிறுத்தினால் அலை ஒரே இடத்தில் குவிந்து எலும்பை ஒட்டிய சதையைச் சுட்டுவிடும். உணர்ச்சி உள்ளவன் துள்ளிக் குதிப்பான். சித்தப்பா குதிக்கவில்லை.

உடனே நகர்த்திவிட்டாள். ஆனால் நின்றது நின்றதுதான். அது பொல்லாத ஆசை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு புண் ஆறத்தான் ஆரம்பித்தது. ஓரமெல்லாம் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை ஏறிற்று. டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். கோயில் வாசலில் அந்தப் பேச்சு நடந்த பிறகுதான் எல்லாம் தலைகீழாயிற்று. வளர்ந்த சதை கொப்புளம் விட்டு உடைந்தது. மிஷின் வைத்துக் கட்டி அனுப்பினால், அடுத்த முறை வரும்போது முன்னிலும் மோசம்.

ஆசுபத்திரி வாசலில் அம்பாசடர் டாக்ஸி நின்றிருந்தது. பார்த்ததுமே, கோயமுத்தூருக்குத்தான் என்று மயிலாத்தாளுக்குப் புரிந்துவிட்டது.

சின்னையன் படியில் நின்றிருந்தான். நல்ல பிள்ளை. பெரியப்பா செத்தபோது பள்ளிக்கூடம் போகிற வயசு. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்ற பிறகும், வழியில் பார்த்தால் "அக்கா" என்று கூப்பிடத் தவறியதில்லை. இன்று கூப்பிடவில்லை.

"உள்ள வந்து பாருங்க" என்றான்.

உள்ளே ரத்தினசாமி நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் சுவரோரமாக அவர் மனைவி சரஸ்வதியம்மாள் நின்றிருந்தாள். மயிலாத்தாள் கட்டைப் பிரித்தாள். புண்ணின் மேல் ஓரம் முழுக்கத் தோல் வெந்து கிளம்பியிருந்தது.

"இது ஆத்தறதா?" என்றான் சின்னையன். "அவிச்செடுக்கறதா? சொல்லுங்க. உங்க வயித்தெரிச்சலு எனக்குத் தெரியும். ஊட்டுக்கு வந்து எங்கய்யனத் திட்டியிருந்தாக்கூட நான் நின்னு கேட்டிருப்பேன். மருந்துன்னு நம்பி வந்த எடத்துல இப்படிப் பண்ணலாமா?"

"தம்பி, நான் ஒண்ணும் பண்ணல."

"மரத்த காலுன்னு தெரிஞ்சுதானே பண்றீங்க?"

அம்மா காலையில் சொன்ன அதே வார்த்தை. மயிலாத்தாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. வெளுத்ததைச் சின்னையன் பார்த்துக்கொண்டான்.

"விடு சின்னையா" என்றார் ரத்தினசாமி. அவருக்கு இதெல்லாம் வேடிக்கைதான். "அண்ணன் மக என்னைய என்ன பண்ணீரும்? எனக்குக் காலு வேணும். கோயமுத்தூரானுக்கு என்ற காலைக் குடுக்க மாட்டேன். மெதுவா ஆறட்டும், என்ன அவசரம்?"

"அவசரம்தானுங்கய்யா. வெசம் மேல ஏறிப்போச்சுன்னா உசுரே இருக்காது. டாக்ஸி நிக்குது. இன்னிக்கே கோயமுத்தூர் போறோம்."

டாக்டர் சகாயம் மயிலாத்தாளைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். மறைக்காமல் சொல்லம்மா. எப்பவாவது கை நின்றதா?"

"முதல் நாள். ஒரு மூச்சு நேரம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மிஷினால் சதை கெட்டிருந்தால் உள்ளேயிருந்துதான் கெடும். எலும்புப் பக்கம் வெந்து, அப்புறம் மேலே வரும். இங்கே மேல்தோல்தான் போயிருக்கிறது. அடிச் சதை நன்றாகவே இருக்கிறது. எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் இந்த வைத்தியம் புதிது. இது உயிருள்ள சதையை எங்கே வளர்க்கும், எங்கே கிழிக்கும் என்று எனக்கே முழுசாகத் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு அந்தப் பையனிடம் நான் எப்படி வாதாடுவது?"

"எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்க டாக்டர்."

"அதற்குள் என்ன பண்ணுவாய்?"

அவளுக்கே தெரியவில்லை. தெரியாமலே வெளியே வந்தாள்.

பிரித்த கட்டுத்துணி பீங்கான் தட்டில் கிடந்தது. சீழ் பட்ட துணிகளை ஆயா கொண்டுபோய் எரித்துவிடுவாள். மயிலாத்தாள் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி அலசும் அறைக்குப் போனாள். தொட்டி நீரில் முக்கினாள். சீழ் கரைந்தது. ரத்தம் கரைந்தது. துணியில் கறுப்பாக ஒரு வளையம் மட்டும் அப்படியே நின்றது. சோப்புப் போட்டாள். கசக்கினாள். போகவில்லை.

கொடியில் ஆசுபத்திரிப் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் சலவைக்காரர் போட்ட கறுப்புக் குறி. எத்தனை தடவை வெளுத்தாலும் போகாத குறி. மயிலாத்தாள் துணியை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அதே கறுப்பு. இரண்டும் சேங்கொட்டைச் சாறு.

சேங்கொட்டைச் சாறு துணியில் பட்டால் கறை. தோலில் பட்டால் கொப்புளம், வேக்காடு, புண். அந்தப் பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் அதைக் கையால் தொட மாட்டார்கள்.

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் இல்லை, என் கை இல்லை என்று உடம்பெல்லாம் லேசாயிற்று. அடுத்த நிமிஷமே கோபம் தலைக்கேறியது. யாரோ வேண்டுமென்று அந்தப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கிறார்கள். பழி மட்டும் அவள் தலையில்.

வீட்டில் கட்டு மாற்றுவது யார்?

வராந்தாவுக்கு வந்தாள். சரஸ்வதியம்மாள் தனியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெயில் காலத்தில் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள்.

"சின்னம்மா, சித்த உள்ள வாங்க."

"எதுக்குக் கண்ணு?"

"வாங்க."

துணி அலசும் அறையில் கதவைத் தாழிட்டாள். சரஸ்வதியம்மாளின் கையை வெளியே இழுத்தாள். கட்டைவிரலும் பக்கத்து விரலும் நுனியில் கறுத்து, தோல் உரிந்து கிடந்தன.

"நீங்களா?"

சரஸ்வதியம்மாள் மறுக்கவில்லை. தொட்டி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஏனுங்க சின்னம்மா? கட்டின புருசனுக்கு எந்தப் பொம்பளையாச்சும் இப்படிப் பண்ணுவாளா? இன்னும் கொஞ்சம் போனா காலே போயிரும்."

"போகட்டும்."

"என்னது?"

"காலு போனாப் போகட்டுங் கண்ணு. அவிங்க கோயலுக்குள்ள போகக் கூடாது. போனா கற்பூரம் அடிச்சிருவாங்க. பயமே இல்லாத மனுசன். அம்மன் மூஞ்சிக்கு நேரா நின்னு கூவுனேன்னு சொல்லீருவாங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பொய்ச் சத்தியம் பண்ணுனவங்களை அம்மன் தொட மாட்டா. அவிங்க பெத்ததைத்தான் எடுத்துக்குவா. எனக்கு ரெண்டு போயி தங்குன ஒரு புள்ள அது."

மயிலாத்தாள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய்ச் சத்தியமா? அப்ப உங்களுக்குத் தெரியும்."

சரஸ்வதியம்மாள் தலையைக் குனிந்தாள். பிறகு சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தது மடமடவென்று வந்தது.

"அன்னிக்குச் சோறு கொண்டுக்கிட்டு நான் காட்டுக்குப் போனேன். உங்க கெணத்து மேட்டு மேலதான் தடம். எட்டிப் பாத்தேன். உங்கய்யன் அடியில நின்னு சேறு வாரிக்கிட்டிருந்தாங்க. என்னையப் பாத்து, சோறு என்னன்னுகூடக் கேட்டாங்க. எங்க கெணத்துக்கு வந்து உன்ற சித்தப்பாகிட்டச் சொன்னேன், உங்கண்ணன் கெணத்துல இருக்கறாங்க, கூவிட்டு வைங்கன்னு. அந்த ஊத்து யாரோடதுன்னு ரெண்டு பேருக்கும் அப்பப் பெரிய சண்டை. இருந்தா இருக்கட்டும், கொஞ்சம் பயப்படட்டும்னு சொல்லிப்போட்டுத் திரியைப் பத்த வெச்சாங்க. சுவரு சரியும்னு நெனைச்சிருக்க மாட்டாங்க கண்ணு. ஆனா கூவல."

மயிலாத்தாளுக்குக் காதுக்குள் இரைந்தது. அப்பா கடைசியாகப் பேசியது இந்தப் பொம்பளையோடு. சோறு என்ன என்று கேட்டிருக்கிறார். அதைக்கூட இவள் சொல்லவில்லை. வழக்கு நடந்தபோது அம்மா பாலக்காட்டுக் கோர்ட்டு வாசலில் வெயிலில் கிடந்தாளே, அப்போதும் இவள் வாயைத் திறக்கவில்லை.

"பன்னண்டு வருசமா எங்கம்மா நாயாக் கத்துனாளே சின்னம்மா. பைத்தியக்காரின்னு பேரு வாங்குனா. நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"இப்ப நீங்க பூசுனதுக்கு என் பேரு கெடுது. உங்க மகன் என்னையக் கொலைகாரி மாதிரிப் பாக்கறான்."

"உன்ற காலப் புடிச்சுக்கறேன்." சரஸ்வதியம்மாள் நிஜமாகவே குனிந்தாள். "காலை எடுக்கறதே உனக்குப் பழிதானே கண்ணு. உங்கம்மா மாசாணியாத்தாகிட்டக் கேட்டது அதுதானே. எடுத்துக்க. சின்னையனை விட்டுரு."

மயிலாத்தாள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இரக்கம் வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை. நான் என்ன செய்யட்டும், அவள் அப்படிப்பட்டவள்.

"எங்களுக்கு எது பழின்னு நீங்க சொல்லாதீங்க" என்றாள். "இங்க மாவுக்கட்டு இருக்குது. புண்ணு மேல மருந்து வெச்சு, பாதத்துல இருந்து முழங்கால் முட்டும் மாவுக்கட்டுப் போட்டு மூடீருவேன். நான் வெட்டித் தொறந்தாத்தான் உண்டு. உங்க விரலு உள்ள போகாது. தொறக்கறப்ப மிஷின் வெச்சு மறுபடி மூடுவேன். கால் ஆறும். நான் ஆத்தறேன். அவுரு நடந்து கோயலுக்குள்ள போவாரு."

"கண்ணு..."

"போகாம இருக்க ஒரே வழிதான் இருக்குது. அவுரு போறதுக்கு முன்னால நீங்க போங்க. ஊரைக் கூட்டி, நீங்க பாத்ததைச் சொல்லுங்க. அப்ப அவுரு கற்பூரம் அடிக்கற வேலையே இல்ல. உங்க மகனுக்கும் ஒண்ணும் ஆகாது."

"அவிங்க என்னைய வெட்டிப் போட்டுருவாங்க."

"அது உங்க பாடு."

தாழைத் திறந்து வெளியே வந்துவிட்டாள். கறை பட்ட துணியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அது போதும். ஆனால் அதைக் காட்டுவதில் அவளுக்கு ருசி இல்லை. சின்னம்மாவே சொல்ல வேண்டும்.

மிஷின் அறையில் ரத்தினசாமியின் கால் தொட்டியில், கொதித்து ஆறிய நீருக்குள் இருந்தது. புண்ணில் மிஷின் படாமல் நீர் வழியாகவே அலையை அனுப்புவார்கள். சின்னையன் ஜன்னலருகே நின்றிருந்தான். டாக்டரும் வந்து நின்றார்.

மயிலாத்தாள் சுவிட்சைப் போட்டாள். மிஷினின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு குதித்துப் பூப்பூவாகச் சிதறியது. வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"வேண்டாங்க" என்றான் சின்னையன். "போதும். நிறுத்துங்க. நாங்க கெளம்பறோம்."

"உக்காருடா" என்று அதட்டினார் ரத்தினசாமி. "ஊரு முன்னால வாக்குக் குடுத்திருக்கறேன். காலை வெட்டீட்டுப் போனா என்ன பேசுவாங்க? பயந்துக்கிட்டுக் காலையே எடுத்துக்கிட்டான்னு பேசுவாங்க. ஆறட்டும். ஆறுன காலோட போயி அம்மன் முன்னால நிக்கறேன். கற்பூரம் மட்டும் என்ன, உன்னையப் பக்கத்துல நிறுத்தி உன்ற தலைமேல கைய வெச்சே சொல்றேன். என்ற ஒத்தைப் பையன் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணுனா அந்த மருதாத்தாளுக்கு அப்புறம் வாய் இருக்குமா?"

கதவருகே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. சரஸ்வதியம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஓரத்தில் இருந்த பீங்கான் தட்டு அவள் கைபட்டுக் கீழே உருண்டிருந்தது.

"சாமி" என்று மகனைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா?"

"அக்காவை ஒண்ணும் சொல்லாதே. மிஷின் ஒண்ணும் பண்ணல."

இரண்டு விரலையும் நீட்டினாள். சின்னையன் அருகில் வந்து பார்த்தான். அவனுக்குப் புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "சேங்கொட்டையா?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க. நான்தானுங்க பூசுனேன். ராத்திரி கட்டு மாத்தறப்பப் பூசுவேன். அவிங்களுக்குத்தான் தெரியாதே."

ரத்தினசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். தொட்டித் தண்ணீர் தரையில் கொட்டியது. "என்னடி சொல்றே?"

"எதுக்கும்மா?" சின்னையன் கத்தவில்லை. "எதுக்கும்மா பண்ணுனே?"

"உன்ற தலைமேல கைய வெக்கக் கூடாது. அதுக்குத்தான். உங்கய்யன் அன்னிக்குக் கூவல சாமி. பெரியய்யன் உள்ள இருக்கறாங்கன்னு நான் போயிச் சொன்னேன். சொன்ன பொறவுதான் உங்கய்யன் பத்த வெச்சாங்க."

ரத்தினசாமி மனைவியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பொய் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அந்த நீண்ட வாய்க்கு அது பெரிய காரியமே அல்ல. மயிலாத்தாள் அதற்காகத்தான் காத்து நின்றாள். அவர் சொல்லட்டும், மகன் முன்னால் சொல்லட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தாள். அந்த முகம் ஒரு நிமிஷத்தில் கிழடு தட்டிப்போனதைப் பார்த்தபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவளுக்குத் தித்தித்தது.

"சின்னையா" என்றார் ரத்தினசாமி. "டாக்ஸிக்காரனைக் கூப்புடு."

"எதுக்குங்கய்யா?"

"கோயமுத்தூர் போலாம். நீ சொன்னதுதான் சரி. காலை எடுத்துறச் சொல்லலாம்."

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. காலையிலிருந்து கால் வேண்டும், கால் வேண்டும் என்று அதட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

சின்னையன் அப்படியே நின்றான். காலையில் டாக்ஸி பிடித்து வந்தவன் அவன்தான். அப்பாவை அள்ளிக்கொண்டு ஓட வேண்டும் என்று துடித்தவன் அவன்தான். இப்போது வாசல் பக்கம் அவன் கால் நகரவில்லை. வெகுநேரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து, அவருடைய காலைப் பிடித்து மெதுவாகத் தொட்டிக்குள் வைத்தான்.

"காலை எடுத்துத் தப்பிக்க விட மாட்டேனுங்கய்யா" என்றான். "அக்கா, மிஷினைப் போடுங்க. எத்தனை நாளானாலும் செரி. இது ஆறியே ஆகோணும்."